மெய்யும் உயிரும்: பழைய வீட்டுக் கணிப்பொறிக்கு மறுவாழ்வு

முன்னுரை

பழுதான பொருளைச் செப்பனிட்டுப் பயன்கொள்வது நம் இல்லங்களில் நெடுங்காலமாக நிலவிவரும் நல்வழக்கமாகும். குடையின் கம்பி முறிந்தால் குடை தைப்பவரைத் தேடினோம். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் தேய்ந்தால் ஈயம் பூசுபவரைத் தேடினோம். கணிப்பொறி மட்டும் இவ்வழக்கிற்கு விலக்காகிவிட்டது. அது சற்றே மெதுவாக இயங்கத் தொடங்கினாலும், 'இதன் காலம் முடிந்துவிட்டது' எனத் தீர்ப்பளித்துப் பரண்மேல் ஏற்றிவிடுகிறோம். புதியது வாங்க இயலாத குடும்பத்து மாணவர், கைப்பேசியின் சிறு திரையிலேயே ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து இடர்ப்படுகிறார். பரணில் கிடக்கும் கணிப்பொறி உண்மையில் இறந்துவிட்டதா என்று எவரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

அத்தகைய கணிப்பொறியை வேறோர் இயங்குதளத்தின் துணையால் மீண்டும் இயங்கச் செய்ய இயலுமா, எப்போது இயலும், எப்போது இயலாது, அதற்கு முன்னர்ச் செய்ய வேண்டியன யாவை என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தொழில்நுட்பம் பயிலாத தமிழ் மாணவரும் பின்பற்றத்தக்க அளவில் செய்திகள் இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

மெய்யும் உயிரும்

தமிழ் இலக்கணம் முதலெழுத்துகளை உயிர், மெய் என இரண்டாகப் பகுக்கிறது. மெய் தனித்து இயங்குவதில்லை. உயிர் ஏறிய பின்னரே உயிர்மெய்யாக இயங்குகிறது. ககர மெய்யின்மீது அகரம் ஏறினால் 'க' ஆகிறது. இகரம் ஏறினால் 'கி' ஆகிறது. மெய் ஒன்றே, ஏறும் உயிர் மாறுந்தோறும் ஒலி மாறுகிறது.

கணிப்பொறியும் இத்தகையதே. மையச் செயலகம், நினைவகம், வன்தட்டு, திரை, விசைப்பலகை ஆகியன அதன் மெய். இவற்றை ஒருங்கிணைத்து, எந்தப் பணிக்கு எவ்வளவு நினைவகம் தருவது, எந்தக் கோப்பை எங்கே வைப்பது, அச்சுப்பொறியோடு எவ்வாறு பேசுவது என்பவற்றை எல்லாம் முறைப்படுத்தும் இயங்குதளமே அதன் உயிர். பெரும்பாலான வீட்டுக் கணிப்பொறிகளில் இவ்வுயிர் விண்டோஸ் என்னும் பெயருடையது. கடையில் வாங்கும்போதே இரண்டும் சேர்ந்து வருவதால், இரண்டும் பிரிக்க இயலாதவை என்று நாம் எண்ணிவிடுகிறோம். மெய் நலமாக இருக்கும்போதே உயிர் நலியக்கூடும்; அப்போது அதே மெய்யில் வேறோர் உயிரை ஏற்றலாம். இவ்வேறுபாட்டை உணர்வதே முதற்படியாகும்.

நலிவின் காரணங்கள்

நினைவகத்தை எழுதும் மேசைக்கும், வன்தட்டைப் புத்தக அலமாரிக்கும் ஒப்பிடலாம். மேசை அகலமாக இருந்தால் வேண்டிய நூல்களை எல்லாம் விரித்து வைத்துக்கொண்டு விரைந்து எழுதலாம். மேசை சிறிதாயின், ஒரு நூலை எடுக்க மற்றொன்றை அலமாரியில் வைத்துவிட்டு வர வேண்டும். பணியைவிட நடையே மிகுதியாகும். புதிய இயங்குதளங்கள் புதிய கணிப்பொறிகளின் ஆற்றலைக் கருத்திற்கொண்டு உருவாக்கப்படுகின்றன. 2 கிகாபைட் நினைவகமுடைய பழைய கணிப்பொறியில் அவை ஏறும்போது, இயங்குதளமே மேசையின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்கிறது. நாம் ஒரு கோப்பைத் திறந்தவுடன் கணிப்பொறி வன்தட்டிற்கும் நினைவகத்திற்கும் இடையே ஓயாது அலைகிறது. சுழலும் தட்டையுடைய பழைய வன்தட்டோ இயல்பிலேயே மெதுவானது. இதனையே 'கணிப்பொறி கிழடாகிவிட்டது' என்கிறோம்.

மற்றொரு காரணம் ஆதரவு நிறுத்தமாகும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஆம் நாளிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் நாளிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் நாளிலும் பொதுவான ஆதரவு முடிவுற்றது. இறுதியாகக் கூறியதற்கு, பதிவு செய்துகொள்ளும் தனிப் பயனாளர்க்கு ஓராண்டுப் பாதுகாப்பு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. அது தவணையேயன்றித் தீர்வன்று. ஆதரவு நின்றபின் கணிப்பொறி இயங்கும். ஆயினும் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைக்கப்படா. அதில் வங்கிக் கணக்கைத் திறப்பது தாழில்லாக் கதவுடைய வீட்டில் நகையை வைப்பதற்கு ஒப்பாகும். அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11 குறைந்தது 4 கிகாபைட் நினைவகத்தையும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், ஏறத்தாழ 2018ஆம் ஆண்டிற்குப் பிந்திய மையச் செயலகத்தையும் வேண்டுகிறது. ஆகவே நன்கு இயங்கும் எண்ணற்ற கணிப்பொறிகள் மெய்யில் குறையின்றியே கைவிடப்படும் நிலை தோன்றியுள்ளது.

நோயறிதல்

நோய் இன்னதென அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, தீர்க்கும் வழியை அறிந்து, பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என வள்ளுவர் வகுத்த வரிசை கணிப்பொறிக்கும் பொருந்தும். மெய்யின் நோயை உயிர்மாற்றத்தால் தீர்க்க இயலாது. எனவே கீழ்க்காணும் அறிகுறிகளை முதலில் நோக்குதல் வேண்டும்.

ஒவ்வொரு முறை இயக்கும்போதும் நாளும் நேரமும் பழைய ஆண்டிற்குச் சென்றுவிடின், தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற சிறு மின்கலம் தீர்ந்துவிட்டது எனலாம். மேசைக் கணிப்பொறிகளில் பெரும்பாலும் சி.ஆர். 2032 என்னும் வகை பயன்படுகிறது. இதன் விலை மிகச் சிறிது. ஆனால் நாள் தவறாக இருந்தால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்க மறுக்கும். இதனை அறியாது கணிப்பொறியையே பழிப்போர் உளர்.

விசிறி இரைந்து, சிறிது நேரத்தில் கணிப்பொறி தானே நின்றுவிடின், உள்ளே தூசி அடைந்திருக்கலாம். அல்லது மையச் செயலகத்தின்மீது பூசப்பட்ட வெப்பக் களிம்பு உலர்ந்திருக்கலாம். இயக்கும்போது திரை இருண்டு 'பீப்' ஒலி மட்டும் எழுந்தால், நினைவக அட்டையைக் கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்துவது பலமுறை பயன்தரும்.

வன்தட்டிலிருந்து 'டிக், டிக்' என்னும் ஒலி தொடர்ந்து எழுந்தால் அதுவே ஆபத்தான அறிகுறி. உடனே கணிப்பொறியை நிறுத்திவிட வேண்டும். இயக்குந்தோறும் கோப்புகள் அழியும் வாய்ப்பு மிகும். எந்த இயங்குதளமும் அவ்வன்தட்டைக் குணப்படுத்தாது; தகுந்தவரைக் கொண்டு கோப்புகளை மீட்டபின் தட்டையே மாற்ற வேண்டும்.

இவற்றுள் எதுவும் இன்றி, இயங்கத் தொடங்கவே பல நிமிடங்கள் ஆவதும், வன்தட்டு விளக்கு ஓயாது எரிவதும், சிறு கோப்பைத் திறந்தாலும் உறைந்து நிற்பதும் காணப்படின், அந்நோய் பெரும்பாலும் உயிரைச் சார்ந்தது. மாற்று இயங்குதளத்தால் பயன்பெறத்தக்கது இதுவே.

மாற்று உயிர்: லினக்சு

1983ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன், எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் மாற்றவும் பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள ஓர் இயங்குதளத்தை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்தார். 1991 ஆகஸ்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தம் 21ஆம் வயதில், தாம் எழுதிவரும் ஓர் இயங்குதளக் கருவைப் பற்றி அறிவித்தார். தம் வீட்டுக் கணிப்பொறிக்காகப் பொழுதுபோக்காய் அவர் தொடங்கிய அப்பணியே லினக்சு ஆயிற்று. அக்கருவும் குனு திட்டத்தின் மென்பொருள்களும் இணைந்து முழுமையான இயங்குதளமாகின. அதனைத் தொகுத்து வழங்குவோர் பலர். 1993இல் டெபியன், 2004இல் உபுண்டு, 2006இல் லினக்சு மின்ட் ஆகிய வழங்கல்கள் தோன்றின. இவற்றை விலையின்றிப் பெறலாம். எத்தனை கணிப்பொறிகளில் வேண்டுமானாலும் நிறுவலாம்.

இது தமிழ்நாட்டிற்கு முற்றிலும் புதியதன்று. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007இல் பாஸ் லினக்சை வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசுடன் பாஸ் லினக்சும் சேர்த்து நிறுவப்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. இயக்கியவுடன் 'எது வேண்டும்?' எனக் கேட்ட அத்திரையைப் பலர் கண்டிருப்பர். ஆனால் விண்டோசைத் தெரிவு செய்து கடந்து சென்றிருப்பர். இன்று மூலையில் கிடக்கும் அம்மடிக்கணினிகளே மறுவாழ்விற்கு முதல் உரிமை உடையன.

பொருத்தமான வழங்கலைத் தெரிதல்

மெய்யின் ஆற்றலுக்கேற்ப உயிரைத் தெரிவு செய்தல் வேண்டும். 4 கிகாபைட் அல்லது அதற்கு மேற்பட்ட நினைவகம் இருப்பின், லினக்சு மின்ட் புதியவர்க்கு ஏற்றது; அதன் முகப்பு விண்டோசை ஒத்திருப்பதால் மூத்தோரும் எளிதிற் பழகுவர். அதற்குக் குறைந்த அளவாக 2 கிகாபைட் நினைவகமும் 20 கிகாபைட் தட்டு இடமும் கூறப்பட்டுள்ளன. இரண்டு கிகாபைட்டுடன் நிற்கும் கணிப்பொறிக்கு அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்போ, லுபுண்டுவோ பொருந்தும். அதனினும் குறைவாயின் ஆன்டிஎக்ஸ், பப்பி லினக்சு போன்ற மிக எளிய வழங்கல்கள் உள்ளன. இவற்றில் தட்டச்சும் கணக்கும் நன்கு நடைபெறும். ஆயினும் இன்றைய இணையப் பக்கங்கள் நினைவகத்தைப் பெரிதும் விழுங்குவன ஆதலின், இணைய உலா இடர்ப்படும்.

மையச் செயலகம் 64 பிட் வகையா, 32 பிட் வகையா என்பதையும் அறிதல் வேண்டும். பெரும்பாலான வழங்கல்கள் 32 பிட் கணிப்பொறிகளைக் கைவிட்டுவிட்டன. நெடுங்காலம் அவற்றைத் தாங்கிவந்த டெபியனும், 2025 ஆகஸ்டில் வெளிவந்த 13ஆம் பதிப்பில் அவற்றில் நிறுவும் வசதியை நீக்கிவிட்டது.

சிறிது பணம் செலவிட இயலுமாயின் இரண்டு மாற்றங்கள் பெரும்பயன் தரும். சுழலும் வன்தட்டிற்கு மாற்றாக எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைத் தட்டைப் பொருத்துவது ஒன்று. நினைவகத்தைக் கூட்டுவது மற்றொன்று. இரண்டிற்கும் ஆகும் செலவு புதிய கணிப்பொறியின் விலையில் ஒரு பகுதியே.

ஏடுகளைக் காத்தல்

இயங்குதளத்தை மாற்றும் ஆர்வத்தில் பலரும் மறப்பது இதனையே. கணிப்பொறியைவிட மதிப்புடையவை அதனுள் உள்ளவை. ஓலைச்சுவடிகள் செல்லரிக்கும் முன் படியெடுக்கப்பட்டமையாலேயே நம் இலக்கியங்கள் நமக்குக் கிடைத்தன. உமறுப் புலவரின் சீறாப்புராணம் 1842இல் அச்சேறும்வரை ஏடுகளைப் படியெடுத்தோர் கைகளிலேயே வாழ்ந்தது. கோப்புகளுக்கும் அதே நெறிதான். ஆய்வேடு, குடும்ப நிழற்படங்கள், கடைக்கணக்கு, உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் ஆகியவற்றை வெளித்தட்டு ஒன்றிலும் வேறோரிடத்திலும் என இரு படிகளாக எடுத்து வைத்தபின்னரே அடுத்த செயலைத் தொடங்க வேண்டும்.

தமிழ்க் கோப்புகளுக்குத் தனிக் கவனம் தேவை. ஒருங்குறி பரவுவதற்கு முன் பாமினி, வானவில், ஸ்ரீலிபி முதலிய வெவ்வேறு எழுத்துருக்களில் ஆய்வேடுகளும் மலர்களும் தட்டச்சு செய்யப்பெற்றன. இவை ஒவ்வொன்றும் தனக்கெனக் குறியீட்டு முறை உடையது. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் கோப்பைத் திறந்தால், தமிழுக்கு மாறாக ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்த குவியலே தோன்றும். கோப்பு கெட்டுவிட்டது எனக் கருதி அதனை அழித்துவிடக் கூடாது. கோப்புகளோடு விண்டோசின் எழுத்துருக் கோப்புறையையும் படியெடுத்துக்கொண்டால், அவ்வெழுத்துருக்களைப் புதிய இயங்குதளத்தில் நிறுவிப் பழைய எழுத்தை மீண்டும் காணலாம். பின்னர் எழுத்துரு மாற்றிகளின் துணையால் ஒருங்குறிக்கு மாற்றி, மெய்ப்புத் திருத்தி வைப்பது நிலையான பாதுகாப்பாகும். பேஜ்மேக்கர் கோப்புகளையும் லிபர் ஆபீசு ஓரளவு திறக்க வல்லது. பக்க அமைப்புச் சிதைந்தாலும் உரையை மீட்கலாம்.

செய்முறை

1. நல்ல நிலையிலுள்ள வேறொரு கணிப்பொறியில், தெரிவு செய்த வழங்கலின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ. கோப்பைப் பதிவிறக்கம் செய்க. அங்கே தரப்பட்டுள்ள சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டு, கோப்பு முழுமையாக வந்துள்ளதை உறுதி செய்க.

2. 8 கிகாபைட் பென்டிரைவ் ஒன்றை எடுத்து, ரூஃபஸ் அல்லது எட்சர் என்னும் மென்பொருளால் அக்கோப்பை அதில் எழுதுக. வெறுமனே நகலெடுத்தால் கணிப்பொறி அதிலிருந்து இயங்காது. பென்டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதை நினைவிற்கொள்க.

3. பென்டிரைவைச் செருகிக் கணிப்பொறியை இயக்கும்போதே எஃப்12, எஃப்9, எஃப்2, எஸ்கேப், டெலீட் ஆகியவற்றுள் அதற்குரிய விசையை அழுத்துக. உற்பத்தியாளர்க்கேற்ப இவ்விசை மாறும். தோன்றும் பட்டியலில் பென்டிரைவைத் தெரிவு செய்க.

4. இப்போது லினக்சு, வன்தட்டைத் தொடாமல், பென்டிரைவிலிருந்தே இயங்கும். இந்நிலையைச் சோதனை இயக்கம் எனலாம். கணிப்பொறி மெய்யால் நலமா என்பதை அறியும் சிறந்த வழி இதுவே. ஒலி, கம்பியில்லா இணையம், விசைப்பலகை, அச்சுப்பொறி ஆகியவற்றைச் சோதித்தறிக. 'டிஸ்க்ஸ்' என்னும் செயலியில் வன்தட்டின் நலக்குறிப்பையும் காண்க. கம்பியில்லா இணையம் இயங்காவிடின், கைப்பேசியை யு.எஸ்.பி. வடத்தால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்துகொள்ளலாம்.

5. விண்டோஸ் தொடங்கவே மறுக்கும் கணிப்பொறியிலும், இச்சோதனை இயக்கத்தின்வழி வன்தட்டைத் திறந்து கோப்புகளை வெளித்தட்டிற்குப் படியெடுக்கலாம். பிட்லாக்கர் பூட்டிடப்பட்ட தட்டாயின் அதன் மீட்புத் திறவெண் தேவைப்படும்.

6. அனைத்தும் நிறைவாயின் நிறுவுதலைத் தொடங்குக. விண்டோசுக்கு அருகிலேயே நிறுவுதல், தட்டு முழுவதையும் அழித்து நிறுவுதல் என இரு வழிகள் கேட்கப்படும். இரண்டாவதைத் தெரிவு செய்தால் பழையன யாவும் நீங்கும். எனவே அவ்வரியை இருமுறை படித்தல் நலம். மின்வெட்டு நேரக்கூடிய பொழுதைத் தவிர்க்க.

7. நிறுவியபின் இற்றைப்படுத்துக. ஐபஸ் என்னும் உள்ளீட்டு முறையில் தமிழ்99 விசைப்பலகையையோ, ஒலிபெயர்ப்பு முறையையோ சேர்த்துக்கொள்க.

ஓர் எடுத்துக்காட்டு

எம் துறை மாணவர் ஒருவரின் இல்லத்தில் 2012இல் வாங்கிய மேசைக் கணிப்பொறி ஒன்று இருந்தது. விண்டோஸ் பாதியில் நின்று, மீண்டும் மீண்டும் தொடக்கத்திற்கே சென்றது. பழுதுபார்க்கும் கடையில் புதியது வாங்குமாறு கூறிவிட்டனர். அதனுள் அவர் அத்தாவின் மளிகைக் கடைக் கணக்கும், மறைந்த பாட்டியாரின் நிழற்படங்களும், மாணவரின் ஆய்வேட்டில் மூன்று இயல்களும் இருந்தன. சோதனை இயக்கத்தில் வன்தட்டு நலமாகவே காணப்பட்டது. அன்று மாலையே கோப்புகள் அனைத்தும் வெளித்தட்டிற்கு வந்துசேர்ந்தன. பின்னர், பழைய கணிப்பொறி ஒன்றிலிருந்து எடுத்த நினைவக அட்டையைக் கூடுதலாகப் பொருத்தி, லினக்சு மின்டை நிறுவினர். ஆய்வேடு அக்கணிப்பொறியிலேயே எழுதி முடிக்கப்பெற்றது. கணக்கை லிபர் ஆபீசில் எழுதப் பழகச் சில நாள்கள் ஆயின என்பதையும் கூறவேண்டும். அத்தா முதலில் விரும்பவில்லை; நிழற்படங்கள் பத்திரமாக இருப்பதைக் கண்ட பின்னரே இசைந்தார்.

எல்லைகள்

இம்முறை எல்லார்க்கும் எல்லாவற்றிற்கும் ஏற்றதன்று. விண்டோசுக்கென எழுதப்பட்ட டேலி, போட்டோஷாப், பேஜ்மேக்கர் முதலியன லினக்சில் நேரடியாக இயங்கா. வைன் என்னும் இடைமென்பொருள் சிலவற்றை இயக்கும். அதனை நம்பித் தொழிலை நடத்துவது பொருந்தாது. டேலியில் கணக்கெழுதும் கடைக்கும், விண்டோசையே வேண்டும் இணையவழித் தேர்வுக்கும் இம்மாற்றம் இடையூறாகலாம். சில அச்சுப்பொறிகளுக்கு உரிய இயக்கிகள் கிடைப்பதில்லை. ஆகவே வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரும் அக்கணிப்பொறியில் என்ன செய்கின்றனர் எனக் கேட்டறிந்து, அவர்கள் ஒப்புதலுடன் செய்தலே முறை. இளையோரின் ஆர்வம் பெரியோரின் பணியைக் கெடுத்துவிடலாகாது.

முடிவுரை

கணிப்பொறியின் மெய்யும் உயிரும் வெவ்வேறு என்பதும், உயிர் நலிந்தமையால் மெய்யை எறிதல் வேண்டா என்பதும், உயிரை மாற்றும் முன் ஏடுகளைக் காத்தல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையால் பெறப்படும் கருத்துகளாகும். செப்பனிட இயலாதவற்றையும் குப்பையில் எறிதல் தகாது. பழைய தாய்ப்பலகைகளின் பற்றவைப்பில் ஈயமும், பழைய மடிக்கணினித் திரைகளின் விளக்குகளில் பாதரசமும் உள்ளன. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அவை பதிவு பெற்ற மறுசுழற்சியாளரைச் சென்றடைய வேண்டும்.

கல்லூரித் துறைகள் ஆண்டிற்கு ஒருநாளை இதற்கென ஒதுக்கலாம். மாணவர் தத்தம் வீட்டிலுள்ள பழைய கணிப்பொறியைக் கொணர, கணிப்பொறித் துறையினர் மெய்யைச் சோதிக்க, தமிழ்த் துறையினர் பழைய எழுத்துருக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றலாம். அவ்வாறு செய்யின், கணிப்பொறி இல்லாத மாணவர் சிலர்க்கு அது கிடைக்கும். பரண்மேல் உறங்கும் ஆய்வேடுகளும் மலர்களும் மீண்டும் படிக்கப்படும். வீண்விரயம் தவிர்த்தலும் கல்விக்கு உதவுதலும் ஒரே செயலில் கைகூடும் இவ்வாய்ப்பை நழுவவிடாதிருப்போமாக.